கூடாரத்துக்குள்ளே ஒரு குட்டி ஊட்டி... 'மலைக்காற்றில்' தூங்கினால் வேகமாக ஓடலாமா?

கொசுவலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் கூடாரம். உள்ளே ஓர் ஓட்டவீரர் நிம்மதியாகத் தூங்குகிறார். பக்கத்தில் ஒரு மெஷின் 'உர்ர்ர்'ரென்று ஓடிக்கொண்டிருக்கிறது. ரீல்ஸில் இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருக்கலாம். இதற்குப் பெயர் 'ஆல்டிட்யூட் டென்ட்'. ஊரில் இருந்தபடியே, மலை உச்சியில் தூங்கும் எஃபெக்ட் கிடைக்குமாம். ரத்தம் கூடுமாம். ஓட்டத்தில் நேரம் குறையுமாம்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் விடியற்காலையில் வண்டியில் போனால், ரோட்டோரம் வாட்ச் கட்டிக்கொண்டு ஓடும் பசங்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. சிலருக்குக் காவலர் தேர்வு, சிலருக்கு ராணுவம், சிலருக்கு மாவட்ட மீட், இன்னும் சிலருக்கு மாரத்தான். இரண்டு ஊருமே கடல் மட்டத்திலிருந்து 150 மீட்டருக்குள் இருக்கும் சமவெளி. 'மலை இல்லாத ஊரில் பிறந்தது நம்ம தப்பா... கடன் வாங்கியாவது ஒரு டென்ட் வாங்கிடலாமா?' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். மலையில் தூங்குவது வேலை செய்யும். கூடாரத்தில் தூங்குவதும் ஓரளவு செய்யலாம். ஆனால் அந்த 'ஓரளவு' ரொம்பச் சின்னது. அதைவிடப் பெரிய பலன்கள் உங்கள் வீட்டுச் சமையலறையிலும், பாயிலும், ஏரிக்கரையிலும் இன்னும் எடுக்கப்படாமலே கிடக்கின்றன. எப்படி என்று பார்ப்போம்.

மலையேறினால் உடம்புக்குள் என்ன நடக்குது?

'மலையில் ஆக்சிஜன் கம்மி' என்று சொல்வோம். உண்மையில் காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் சுமார் 21 சதவிகிதம்தான். அரியலூரிலும் அதே, தொட்டபெட்டாவிலும் அதே. மாறுவது காற்றின் அழுத்தம். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் ரத்தத்துக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் குறைகிறது.

இதை மோப்பம் பிடிக்கின்றன நம் சிறுநீரகங்கள். உடனே எரித்ரோபாய்ட்டின், சுருக்கமாக இ.பி.ஓ என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது எலும்பு மஜ்ஜையிடம் போய், 'சிவப்பணுக்களைக் கூடுதலாகத் தயார் பண்ணு' என்கிறது. சில வாரங்களில் ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் வண்டிகள் அதிகமாகும். கீழே இறங்கி ஓடும்போது அந்தக் கூடுதல் வண்டிகள் தசைகளுக்குக் கூடுதல் ஆக்சிஜனைக் கொண்டு சேர்க்கும். ஐடியா இவ்வளவுதான்.

அரியலூர் மாவட்டத்து கரைவெட்டி பறவைகள் சரணாலயத்துக்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வருவது தெரியுமா? மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரும் பறவை அது. 7,000 மீட்டருக்கு மேலேகூட அது பறந்தது பதிவாகியிருக்கிறது. அதன் ஹீமோகுளோபின் இயல்பாகவே ஆக்சிஜனை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நமக்கு அந்த வரம் பிறவியிலேயே கிடையாது. உயரத்துக்குப் போய், வாரக்கணக்கில் இருந்துதான் உடம்பைப் பழக்க வேண்டும்.

எல்லாத்துக்கும் ஆரம்பம் மெக்சிகோ

1968 ஒலிம்பிக் மெக்சிகோ சிட்டியில் நடந்தது. அதன் உயரமும் கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம்தான். அன்றைய 10,000 மீட்டர் உலக சாதனை, ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஓடிய 27 நிமிடம் 39 விநாடி. மெக்சிகோவில் கென்யாவின் நஃப்டாலி டெமு தங்கம் வென்ற நேரமோ 29 நிமிடம் 27 விநாடி. கிளார்க் ஆறாவதாக வந்து, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். 1500 மீட்டரில் இன்னொரு கென்யரான கிப் கெய்னோ தங்கம் வென்றார். உயரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அங்கே ஒரு சாதகம் இருக்கிறது என்பதை உலகமே பார்த்தது.

அப்போதே ஒரு சிக்கலும் புரிந்தது. மலையில் வேகமாக ஓட முடியாது! ஆக்சிஜன் குறைவதால் பயிற்சியின் வேகமும் குறையும். ரத்தம் கூடும், ஆனால் கால்கள் வேகத்தை மறந்துவிடும். ஒரு கையால் கொடுத்து, மறு கையால் பிடுங்குகிற கதை.

'மேலே தூங்கு, கீழே ஓடு'

இதற்கு வழி கண்டவர்கள் அமெரிக்காவின் பெஞ்சமின் லெவைன், ஜேம்ஸ் ஸ்ட்ரே-கண்டர்சன். 1997-ல் வெளியான அவர்களின் ஆய்வுதான் இந்தத் துறையில் பால பாடம். 39 ஓட்டவீரர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள்.

முதல் குழு 2,500 மீட்டர் உயரத்தில் தங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கி வந்து பயிற்சி செய்தது. இரண்டாவது குழு மேலேயே தங்கி, மேலேயே ஓடியது. மூன்றாவது குழு 150 மீட்டர் உயரத்தில், அதாவது நம் பெரம்பலூர் மட்டத்தில், தங்கி ஓடியது. நான்கு வாரம் கழித்து எல்லோரையும் சமவெளியில் 5,000 மீட்டர் ஓடவிட்டார்கள்.

மேலே தங்கிய இரண்டு குழுக்களுக்கும் சிவப்பணுக்கள் கூடின. ஆனால் ஓட்டத்தில் தெளிவான முன்னேற்றம் காட்டியது முதல் குழு மட்டும்தான். சராசரியாக 13 விநாடி குறைந்தது. 'மேலே தூங்கு, கீழே ஓடு' என்ற மந்திரம் அன்றைக்குப் பிரபலமானது.

தினமும் மலை ஏறி இறங்குவது எல்லா நாட்டிலும் நடக்கிற காரியமா? 1990-களிலேயே பின்லாந்துக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு வீட்டுக்குள் நைட்ரஜனைக் கூடுதலாகக் கலந்து, ஆக்சிஜனின் பங்கைக் குறைத்துவிட்டார்கள். வீடு சமவெளியில்தான். ஆனால் உள்ளே மூச்சு, மலை உச்சி மாதிரி. இந்த நைட்ரஜன் வீட்டின் குட்டி வடிவம்தான் இன்றைய கூடாரம். 2,500 மீட்டர் உயரத்தைப் போலிசெய்ய, உள்ளே ஆக்சிஜனை 21-லிருந்து 15 சதவிகிதம் சொச்சத்துக்குக் கொண்டுவருகிறது அந்த மெஷின்.

நிஜ மலையும் போலி மலையும் ஒண்ணா?

இங்கேதான் விளம்பரமும் ஆய்வும் பிரிகின்றன.

2009-ல் பொனெட்டி, ஹாப்கின்ஸ் இருவரும் 51 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நிஜமான மலையில் தங்கிக் கீழே பயிற்சி செய்தபோது, உச்ச நிலைக்கு ஒரு படி கீழே இருக்கும் வீரர்களின் திறன் சுமார் 4 சதவிகிதம் கூடியிருந்தது. செயற்கை முறையில் தினமும் 8 முதல் 18 மணி நேரம் இருந்தவர்களுக்கு அது 1.4 சதவிகிதம்தான்.

அடுத்த அடி 2012-ல் விழுந்தது. சீபென்மான் குழுவினர் 16 சைக்கிள் வீரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பத்துப் பேரின் அறையில் 3,000 மீட்டர் உயரத்துக்கான காற்று. ஆறு பேரின் அறையில் சாதாரணக் காற்று. யாருக்கு எது என்று வீரர்களுக்கும் தெரியாது, சோதிப்பவர்களுக்கும் தெரியாது. தினமும் 16 மணி நேரம் வீதம் நான்கு வாரம் போனது. முடிவில் ரத்தத்திலும் வித்தியாசமில்லை, திறனிலும் வித்தியாசமில்லை.

'அப்ப எல்லாமே மனசுதானா?' என்று முடிவுகட்டிவிட முடியாது. 16 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. வேறு பல ஆய்வுகளில் செயற்கை உயரத்திலும் ஹீமோகுளோபின் கூடியிருக்கிறது. ஆனால் முகாம் போகும் உற்சாகமும், 'நாம ஸ்பெஷல் டிரெயினிங்ல இருக்கோம்' என்ற நம்பிக்கையும்கூட விநாடிகளைக் குறைக்கும் என்பதை இந்த ஆய்வு நினைவூட்டியது.

இன்னொரு விஷயம், எல்லா உடம்பும் ஒரே மாதிரி கேட்பதில்லை. 1997 ஆய்வில் பங்கேற்ற வீரர்களின் தரவுகளையே மறுபடி அலசியபோது, சிலருக்கு இ.பி.ஓ நன்றாகக் கூடி நேரமும் குறைந்திருந்தது. சிலருக்குப் பலனே இல்லை. நீங்கள் எந்த ரகம் என்பது காசைக் கொட்டிய பிறகுதான் தெரியும்.

ராத்திரி 8 மணி நேரம் போதுமா?

மருந்துக்கு டோஸ் இருப்பதுபோல உயரத்துக்கும் டோஸ் உண்டு. செயற்கை உயரத்துக்கு 2,500 முதல் 3,000 மீட்டர், தினமும் 12 முதல் 16 மணி நேரம், குறைந்தது மூன்று நான்கு வாரம் என்பதே ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. அதாவது தூங்கும் நேரம் மட்டும் போதாது. சாப்பாடு, படிப்பு, போன் எல்லாம் கூடாரத்துக்குள்ளேயேதான்!

உயரத்தில் கழிக்கும் ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கும் ஹீமோகுளோபின் அளவு சுமார் 1 சதவிகிதம் கூடுகிறது என்று ஒரு தோராயமான கணக்கு இருக்கிறது. ராத்திரி 8 மணி நேரம், 28 நாள் என்றால் 224 மணி நேரம். அதிகபட்சம் 2 சதவிகிதம் சொச்சம். ஹீமோகுளோபின் 2 சதவிகிதம் கூடினால் ஓட்டமும் 2 சதவிகிதம் கூடிவிடாது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும்.

காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 420 விநாடியில் 1 சதவிகிதம் என்பது 4 விநாடி. 7 நிமிடம் 30 விநாடியில் ஓடுகிறவருக்குக் குறைய வேண்டியது 30 விநாடி. அது கூடாரத்தில் கிடைக்காது. ஒழுங்காக மூன்று நான்கு மாதம் ஓடினால் கிடைக்கும். அந்த 1 சதவிகிதம் யாருக்கு முக்கியம்? ஆசியப் போட்டியின் ஃபைனலில் நிற்பவருக்கு. அவர் ஏற்கெனவே மற்ற எல்லாவற்றையும் செய்து முடித்திருப்பார்.

விலையோ லட்சங்களில். கரன்ட் பில் தனி. கூடாரத்துக்குள் சூடும் புழுக்கமும் சேரும். நம் ஊர் மே மாதத்தில் அதற்குள் படுத்தால் தூக்கம் வருமா? ஆக்சிஜன் குறைந்தாலே பலருக்குத் தூக்கம் அடிக்கடி கலையும். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வாங்கும் 1 சதவிகிதம், மறுநாள் பயிற்சியிலேயே கரைந்துவிடும்.

பச்சைமலை இருக்கே... அது போதாதா?

பெரம்பலூர்க்காரர்களின் நியாயமான கேள்வி. பச்சைமலையின் உயரம் சுமார் 500 முதல் 1,000 மீட்டர். ரத்தத்தை மாற்ற அது போதாது. கொல்லிமலையும் அப்படித்தான். ஏற்காடு 1,500 மீட்டர் சொச்சம், அதுவும் எல்லைக்குக் கீழே. 2014-ல் 48 ஓட்டவீரர்களை நான்கு வெவ்வேறு உயரங்களில் தங்கவைத்துப் பார்த்த ஆய்வில், சுமார் 2,100 மீட்டரிலும் 2,450 மீட்டரிலும் இருந்தவர்களுக்குத்தான் ஓட்டம் மேம்பட்டது. 1,780 மீட்டரில் தங்கியவர்களுக்கும், 2,800 மீட்டரில் தங்கியவர்களுக்கும் அப்படி நடக்கவில்லை. ரொம்ப மேலே போவதும் நல்லதில்லை.

அந்தக் கணக்குப்படி தமிழ்நாட்டில் தகுதியானவை ஊட்டியும் கொடைக்கானலும். இந்திய நீண்டதூர ஓட்டவீரர்களின் முகாம்கள் ஊட்டியில் நடந்திருக்கின்றன. பெலாரஸைச் சேர்ந்த பயிற்சியாளர் நிகோலாய் ஸ்னெசரெவ்விடம் அங்கே பயிற்சி எடுத்தவர் லலிதா பாபர். 2016 ரியோ ஒலிம்பிக்கின் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் 9 நிமிடம் 19.76 விநாடியில் தேசிய சாதனை படைத்து, ஃபைனலுக்குப் போய், பத்தாவது இடம் பிடித்தார். 1984-ல் பி.டி.உஷாவுக்குப் பிறகு ஒலிம்பிக் டிராக் ஃபைனலில் ஓடிய முதல் இந்தியப் பெண் அவர்தான். அதற்கு மலை மட்டும் காரணமில்லை. வருடக்கணக்கான உழைப்பின் மேல் மலை ஒரு கூடுதல்.

'ஊட்டியில் தூங்கி, மேட்டுப்பாளையத்தில் ஓடலாமே?' என்றால், மேப்பில் அருமையான திட்டம். ஆனால் தினமும் மலைப்பாதையில் ஏறி இறங்கும் பஸ் பயணம் காலையும் முதுகையும் காலி செய்துவிடும். வேகப் பயிற்சிக்கு வாரம் ஓரிரு நாள் மட்டும் இறங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

மலையில் பிறக்காமல் ஜெயித்தவர்கள் இல்லையா? சமவெளியான புதுக்கோட்டையில் வளர்ந்த ஜி.லட்சுமணன், 2017-ல் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். மலையில் பிறக்கவில்லை என்பது ஒரு தடையே இல்லை.

முகத்துல மாட்டுற மாஸ்க்?

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 'டிரெயினிங் மாஸ்க்'கை வாங்கி மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுகிறவர்களும் உண்டு. அது மூச்சு விடுவதைக் கஷ்டமாக்கும், காற்றை மலைக்காற்றாக மாற்றாது. 2016-ல் 24 பேரை ஆறு வாரம் பயிற்சி செய்யவைத்துச் சோதித்ததில், மாஸ்க் போட்டவர்களின் ஹீமோகுளோபினில் மாற்றமே இல்லை. உயரத்தின் பலன், மணிக்கணக்கில் ஆக்சிஜன் குறைவாக இருந்தால்தான் வரும். அரை மணி நேரம் மூச்சு முட்டினால் வராது.

ரத்தம் கூட்ட முதல் வழி... இரும்பு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் ஷேர் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

சிவப்பணு தயாரிக்க இரும்புச்சத்து வேண்டும். உடம்பில் இரும்பு இருப்பு குறைவாக இருந்தால், மலைமேல் ஒரு மாதம் தங்கினாலும் சிவப்பணுக்கள் கூடாது என்பது 1990-களிலேயே தெரியவந்த விஷயம். செங்கல் இல்லாமல் மேஸ்திரியை மட்டும் அழைத்து வந்தது மாதிரி.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது பாதிக்கு மேல்! மைதானத்தில் 'இந்தப் பொண்ணுக்கு ஸ்டாமினா பத்தலை' என்று திட்டு வாங்கும் பல பிள்ளைகளுக்கு உண்மையில் பத்தாதது இரும்புதான். மாதவிடாயில் கொஞ்சம் போகும், வியர்வையில் கொஞ்சம் போகும், நீண்ட ஓட்டத்தில் பாதம் தரையில் அடித்து அடித்துச் சிவப்பணுக்கள் உடைவதிலும் கொஞ்சம் போகும்.

ஹீமோகுளோபின் டெஸ்ட்டோடு 'ஃபெரிட்டின்' டெஸ்ட்டும் எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் நார்மலாக இருந்தும் இருப்பு காலியாக இருக்கலாம். அதைக் காட்டிக்கொடுப்பது ஃபெரிட்டின். குறைவு என்றால் டாக்டர் சொல்லும் அளவில் மாத்திரை. 'ரன்னிங்குக்கு நல்லதாம்' என்று நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள், இரும்பு அதிகமானால் ஈரலுக்கு ஆபத்து. அரசுப் பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை பெஞ்சுக்கு அடியில் போடாமல் சாப்பிட்டாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு.

சாப்பாட்டில் ஈரல், சுவரொட்டி, ரத்தப் பொரியல், கம்பு, கேழ்வரகு, முருங்கைக்கீரை, பயறு வகைகள். கூடவே எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஏதாவது ஒன்று, வைட்டமின் சி இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

நம்ம ஊர் வெயிலும் ஒரு வாத்தியார்

மலை இல்லை என்று வருந்தும் ஊரில் வெயில் தாராளம். 2010-ல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் 12 சைக்கிள் வீரர்களை 40 டிகிரி வெப்பத்தில் 10 நாள் பயிற்சி செய்யவைத்தார்கள். பிறகு குளிர்ச்சியான அறையில் சோதித்தபோதும் அவர்களின் திறன் 5 முதல் 6 சதவிகிதம் கூடியிருந்தது. வெப்பத்துக்குப் பழகும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுவது ஒரு காரணம். மேலைநாட்டு ஓட்டக்காரர்கள் இதை 'ஏழைகளின் மலை' என்றே கிண்டலாகச் சொல்வதுண்டு.

உடனே மே மாத மத்தியானத்தில் ஷூவை மாட்டிவிடாதீர்கள். அந்த ஆய்வு கண்காணிப்போடு நடந்தது. நீங்கள் ஏற்கெனவே வெயிலில் வளர்ந்தவர், அதில் ஒரு பங்கு பலன் உங்கள் உடம்பில் இப்போதே இருக்கும். கோடையில் காலை, மாலை இளவெயில் போதும். தலைசுற்றல், குமட்டல், வியர்வை திடீரென நிற்பது, பேச்சு குழறுவது... இதில் எது வந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி, நிழலுக்குப் போய், தண்ணீரை ஊற்றி உடம்பைக் குளிரவையுங்கள். பேச்சு குழறினால் தாமதிக்காமல் 108.

இது ஊக்கமருந்து கணக்குல வருமா?

கூடாரம் தடைசெய்யப்பட்டதில்லை. 2006-ல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா, இதைத் தடை செய்யலாமா என்று யோசித்தது. அதன் நெறிமுறைக் குழு 'இது விளையாட்டின் உணர்வுக்கு எதிரானது' என்றுகூடக் கருத்துச் சொன்னது. கடைசியில் தடை வரவில்லை.

ஆனால் இ.பி.ஓ ஊசி முழுத் தடை. 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்வதும், மருத்துவமனைச் சிகிச்சை போன்ற காரணம் இல்லாவிட்டால், போட்டி வீரர்களுக்கு விதிமீறல்தான். 'ரத்தம் ஏத்தும் ஊசி, ஒண்ணும் ஆகாது' என்று ஜிம்மில் யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இது உயிர் சம்பந்தப்பட்டது. 'டென்ட்தானே, நாமே பாலித்தீன் ஷீட்டில் செய்துக்கலாம்' என்று முயற்சிக்கவே கூடாது. முறையான கூடாரத்தில் மெஷின் புதுக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மூடிய பாலித்தீனுக்குள் நாம் விடும் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். ஆஸ்துமா, இதய நோய், சிக்கிள் செல் பாதிப்பு இருப்பவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்காமல் நிஜக் கூடாரத்தைக்கூட நெருங்க வேண்டாம்.

அப்ப என்ன பண்ணலாம்? வரிசைப்படி...

1. தூக்கம்: கூடாரம் இல்லாத சாதாரணத் தூக்கம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரைச் சில வாரங்கள் தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். 16.2 விநாடியில் ஓடிய தூரத்தை 15.5 விநாடியில் ஓடினார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் செலவு பூஜ்யம். ராத்திரி 10 மணிக்கு போனைத் தூர வைத்தால் போதும்.

2. ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின். பெண்கள் கட்டாயம்.

3. மெதுவான ஓட்டம்: வாரத்தின் பெரும்பகுதி, பக்கத்தில் ஓடுபவரோடு பேச முடிகிற வேகத்தில். தினமும் ஃபுல் ஸ்பீடு போட்டால் முழங்கால்தான் முதலில் முறுக்கிக்கொள்ளும்.

4. வாரம் இரண்டு நாள் வேகம்: 400 மீட்டர் ஆறு முறை, இடையில் ஓய்வு என்பது போல. 1500 மீட்டரில் 30 விநாடி குறைவது இங்கேதான்.

5. இடம்: லாரி ஓடும் ரோட்டோரப் புழுதியைத் தவிர்த்து ஏரிக்கரை, பள்ளி மைதானம், மாவட்ட விளையாட்டு அரங்கம். மூச்சுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

6. மேடு: பச்சைமலை ரத்தத்தை மாற்றாது, ஆனால் காலை மாற்றும். வாரம் ஒரு நாள் மேட்டில் ஏறி ஓடினால் தசை வலுவாகும்.

7. மலை முகாம்: இத்தனையும் ஒன்றிரண்டு வருடம் செய்து, மாநில, தேசிய அளவுக்கு வந்த பிறகு, பயிற்சியாளரின் திட்டத்தோடு ஊட்டியில் மூன்று நான்கு வாரம்.

8. கூடாரம்: அதற்கும் மேலே போய், சர்வதேசப் போட்டி வாசலில் நிற்கும்போது, ஒரு விநாடிக்காகக் காசு செலவழிக்க யாராவது ஸ்பான்சர் இருந்தால்!

எட்டாவது படியில் இருப்பதை விளம்பரம் முதல் படியாகக் காட்டுகிறது. நீங்கள் ஒன்றாவது படியிலிருந்து தொடங்குங்கள். இன்றைக்கு ராத்திரி சீக்கிரம் தூங்கி, நாளைக்குக் காலையில் கரை மேல் ஒரு ரவுண்டு!